பட்டியலக்காவும் ஏழு பூஜ்ஜியங்களும்

செயற்கைக் கால் பொருத்தும் அந்த நிறுவனத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. வாசல் காவலாளி முதல் டைரக்டர் வரை எல்லாருக்கும் அவள் பட்டியலக்கா. நடமாடும் வண்டி அந்த வருடம் எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. அந்த வண்டியின் பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பட்டறையே இருக்கும். அச்செடுக்கும் சுண்ண மாவைக் கரைக்கும் தொட்டி, சூளை, இழைக்கும் இயந்திரம், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பாதங்கள். ஓர் ஊரில் ஒரு வாரம் தங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் அளவெடுத்து, செய்து, மாட்டி, நடக்கவும் வைத்துவிட்டுத்தான் கிளம்பும். வருடத்துக்குப் பன்னிரண்டு ஊர்தான் முடியும். அதனால் பட்டியலில் பெயர் ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அவள் வருவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கால்மாஸ்டர் போட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் அங்கே தலைமைத் தொழில்நுட்பக்காரன். அவளைவிட எட்டு வயது இளையவன். சட்டைக் கையில் எப்போதும் மாவு காய்ந்திருக்கும். ஆஸ்பத்திரிகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் போன் போட்டுப் போட்டு ஆறு வாரத்தில் ஒரு பட்டியலைத் தேற்றுவான். அந்த ஆறு வாரமும் பட்டறையில் வேலை தேங்கிக் கிடக்கும்.

அவள் அதை ஒரே பிற்பகலில் முடித்துவிட்டாள். ஒரு தன்னார்வக் குழு, ட்ரோன் தாக்குதல்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்ததையெல்லாம் திரட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருந்தது. எந்த நாள், எந்த வட்டாரம், இறந்தவர்கள் எத்தனை, காயமடைந்தவர்கள் எத்தனை என்று ஆயிரக்கணக்கான வரிகள். அதைக் கண்ணால் படித்துக் கரையேற முடியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர், அந்தத் தகவலிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கென்று ரூபி என்ற கணினி மொழியில் ஒரு லைப்ரரி எழுதி இலவசமாகப் போட்டிருந்தார். ஒருவர் எழுதி வைத்த நிரலை அடுத்தவர் எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி நம் வீட்டு ஒட்டடையை அடிப்பது மாதிரி.

நாற்பத்தொரு வயதில், இனி என்ன படிப்பு என்று ஊர் சிரிக்க, மாலை வகுப்புக்குப் போய் அவள் ரூபி கற்றுக்கொண்டிருந்தாள். "நான் ரூபி லைப்ரரியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று அவள் ஒருநாள் போனில் சொன்னதைக் கேட்டு, கூடவே குடியிருந்த நாத்தனார், "வர்றப்ப எனக்கும் ரெண்டு கதைப் புத்தகம் எடுத்துட்டு வா" என்றாள். விளக்கிச் சொன்ன பிறகும் நாத்தனார் விடவில்லை. "ரூபின்னா மாணிக்கக் கல்லுதானே? மூணு வருஷமா அதோட மல்லுக்கட்டறே, ஒரு மூக்குத்திக்கு வழியில்லையே!"

மூன்று வருடம் அப்படித்தான் போயிற்று. வட்டார வாரியாகக் காயம்பட்டவர்களைக் கூட்டி, அதிகம் உள்ள இடத்தை மேலே கொண்டுவந்து, முதல் பன்னிரண்டை எடுத்துக்கொடுப்பாள். கீழே பூஜ்ஜியத்தோடு நிற்கும் ஊர்களை அவள் ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை. எந்த ஊராவது மனுப் போட்டால், "எங்களிடம் உள்ள தகவலின்படி உங்கள் வட்டாரத்தில் காயமடைந்தோர்: பூஜ்ஜியம்" என்று ஒரு கடிதம் தானாகவே அச்சாகி வரும். அவள் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள்.

நாலாவது வருடப் பட்டியல் அச்சுக்குப் போய்விட்டிருந்த ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வைத்தபோது போன் அடித்தது. மலைச்சரிவில் இருந்த ஒரு சிற்றூரிலிருந்து மருந்துக்கடைக்கார அம்மா பேசினாள். குரல் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போல இருந்தது.

"கால் வண்டி ஆபீஸா? நாங்க மனுப் போட்டு மூணு வருஷமாச்சு. ரெண்டு தடவை லெட்டர் வந்துச்சு. ரெண்டும் ஒரே லெட்டரு. படிக்கவா?"

"வேண்டாம்மா, எனக்குத் தெரியும்..."

"இருங்க, படிச்சாத்தான் எனக்கு ஆறும். 'காயமடைந்தோர்: பூஜ்ஜியம்.' பாத்தீங்களா? அந்தப் பூஜ்ஜியத்துக்குத்தான் நான் மாசாமாசம் ரப்பர் வித்துக்கிட்டிருக்கேன்."

"என்ன ரப்பர்மா?"

"ஊன்றுகோலுக்கு அடியில மாட்டுவாங்களே, அந்த ரப்பர். எங்க ஊரு கல்லு ரோட்டுக்கு ரெண்டு மாசம் தாங்காது. மாசம் இருபது, இருபத்தஞ்சு போகுது. காயமே இல்லாத ஊருல யாரும்மா ஊன்றுகோல் வச்சுட்டு நடக்கறாங்க? பேயா?"

பட்டியலக்கா ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். டப்பாவை மூடினாள்.

அந்த வட்டாரத்தை மட்டும் கேட்டுப் பார்த்தாள். லைப்ரரி ஏழு தாக்குதல்களைக் கொண்டுவந்து வரிசையாகக் காட்டியது. இறந்தவர்கள் மொத்தம் முப்பத்துநாலு பேர். காயமடைந்தவர்கள் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று ஏழு வரியிலும் பூஜ்ஜியம். முப்பத்துநாலு பேர் செத்த இடத்தில் ஒருவருக்குக்கூட ஒரு கீறல் விழவில்லையா? இந்தக் கேள்வி மூன்று வருடமாகத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது காது இரண்டும் சூடாயின.

லைப்ரரியை ஒதுக்கிவிட்டு, அந்தக் குழுவின் இணையப் பக்கத்துக்கே போய்த் தன் கண்ணால் பார்த்தாள். காயமடைந்தோர் என்ற பத்தியில் ஏழு வரியிலும் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. வெறுமையாக இருந்தது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறிப்பு: காலியாக விடப்பட்டிருந்தால் விவரம் தெரியவில்லை என்று பொருள். செய்தித்தாள்கள் இறந்தவர்களை எண்ணிவிட்டுத் திரும்பிப் போயிருந்தன.

பிறகு லைப்ரரியின் உள்ளே போனாள். அவ்வளவு நாளும் அவள் அதைத் திறந்து படித்ததே இல்லை. ஓடுகிற வண்டியின் மூடியை யார் திறக்கிறார்கள்? கால் மணி நேரத்தில் அந்த வரி அகப்பட்டது. வந்ததையெல்லாம் எண்ணாக மாற்று என்று ஒரே ஒரு கட்டளை. ரூபியிடம் வெறும் இடத்தைக் கொடுத்து எண்ணாக்கு என்றால், மறுபேச்சுப் பேசாமல் பூஜ்ஜியம் என்று கொடுத்துவிடும். 'தெரியாது' என்று எழுதியிருந்ததை அந்த வரி 'இல்லை' என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. அதன் கீழே கையெழுத்துப் போட்டது அவள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பான். இருவரும் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"இந்த வருஷ லிஸ்ட்டு ஏற்கனவே அச்சாயிடுச்சு. நான் வாயத் திறக்கலன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல. அடுத்த வருஷம் சத்தமில்லாம சரிபண்ணிடலாம்."

அவன் ஒரு போர்வையின் இரண்டு முனையை அவளிடம் கொடுத்தான். "எங்க வேலையில ஒரு லிஃப்ட்டுல கோளாறுன்னு தெரிஞ்சா முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"ரிப்பேரா?"

"பலகை மாட்டுவோம். 'ஏறாதீங்க'ன்னு. ரிப்பேர் எல்லாம் அதுக்கப்புறம்தான்."

அவள் போர்வையை மடித்து வைத்தாள். சோபாவிலிருந்த நாத்தனார், "அதான் சொல்றேன், மாணிக்கமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், போயி உண்மையச் சொல்லிட்டு வா. வேலையவிட்டு எடுத்தா எடுக்கட்டும், எனக்குத் துணையாச்சு" என்றாள்.

திங்கள் காலை முதல் வேலையாக லைப்ரரியை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள். பிறகு டைரக்டர் அறைக்குப் போனாள். கால்மாஸ்டரையும் அங்கே வரச் சொல்லியிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தன் தவறு என்பதை இரண்டு முறை சொன்னாள், யாராவது லைப்ரரியின் தலையில் கட்டிவிடுவார்களோ என்று.

டைரக்டர் அச்சான பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "அனுமதியெல்லாம் வாங்கியாச்சேம்மா" என்றார்.

கால்மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. "மூணு வருஷம்க்கா! மூணு வருஷம் கட்டையில தொங்கினா தோள்பட்டை என்னாகும்னு உங்களுக்குத் தெரியுமா? இடுப்பு மடங்கிப் போயி, அப்புறம் நான் தங்கத்துல கால் செஞ்சாலும் நிக்க வராது." கதவைச் சாத்தாமலே வெளியே போய்விட்டான்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் அவன் முகத்தில் முழிக்கத் தைரியம் வரவில்லை. பட்டறைப் பக்கம் போகாமல் சுற்று வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

லைப்ரரிக்காரரின் பதில் மறுநாளே வந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் கல்லூரிப் பாடத்துக்காக எழுதியதாம். "இதை நம்பி ஒரு வண்டி ஓடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நாளைக்குள் திருத்திவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். சொன்னபடியே திருத்தினார். காலியாக இருப்பது இனி காலியாகவே வரும் என்று புதிய பதிப்போடு ஒரு குறிப்பும் போட்டிருந்தார்.

புதிய பதிப்பை எடுத்துத் தன் நிரலை ஓட்டினாள். முதல் வரியிலேயே அது முரண்டு பிடித்து நின்றுவிட்டது. வெறுமையை எண்ணோடு கூட்ட முடியாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி. பிழைச் செய்தியைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டிருந்த நிரலுக்கு இப்போதாவது வாய் வந்ததே! கூட்டலை மாற்றி எழுதினாள். மொத்தம் அறுபத்துமூன்று வட்டாரங்கள். முன்பு நாற்பத்தொன்றில் பூஜ்ஜியம் நின்றது. இப்போது உண்மையான பூஜ்ஜியம் மூன்றில்தான். மீதி முப்பத்தெட்டில் 'தெரியாது'.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கால்மாஸ்டர் ஒரு முழங்காலுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். தாளை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"முப்பத்தெட்டு ஊரு. எங்க எத்தனை பேருன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதை மட்டும்தான் இப்ப உறுதியா சொல்ல முடியும்."

அவன் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளை மேலிருந்து கீழே படித்தான். வெகு நேரம் படித்தான். பிறகு, "அந்த மருந்துக்கடை அம்மா என்ன சொன்னாங்க? ரப்பரா?" என்றான்.

"மாசம் இருபத்தஞ்சு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போட வேண்டாம்க்கா. அங்க போன் எடுக்கவே ஆள் கிடையாது. மருந்துக்கடைக்குப் போடுவோம். மாசம் எத்தனை ரப்பர் போகுதுன்னு கேட்டாப் போதும், மிச்சத்த நான் கணக்குப் பண்ணிக்கறேன். பாதி நீங்க, பாதி நான்."

பதினொரு நாள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். சில கடைக்காரர்கள் கடன் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்கள். ஒருவர் ரப்பர் வியாபாரி என்று நினைத்துக்கொண்டு விலை பேச ஆரம்பித்தார். முப்பத்தெட்டில் இருபத்தொன்பது ஊரிலிருந்து பதில் கிடைத்தது. பதினாலு ஊரில் தேவை அவ்வளவாக இல்லை. பதினைந்தில் இருந்தது. அதில் மூன்று ஊர், எப்போதோ போயிருக்க வேண்டிய ஊர்.

டைரக்டர் மனசு வைத்தார். அச்சான பட்டியலில் இருந்தவற்றில், போன வருடமே வண்டி போய்வந்த மூன்று ஊர்களுக்கு அவரே பேசிப் பார்த்தார். இரண்டு ஊர்கள் காத்திருக்க ஒப்புக்கொண்டன. மூன்றாவது ஊர் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. "அந்த ஊருக்குத்தான் ரெண்டு காலும் கொடுத்துட்டமே, இன்னும் ஏன் ஒத்தைக்கால்ல நிக்குது?" என்று கால்மாஸ்டர் சொன்னதும் டைரக்டர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு இடம் கிடைத்தது. முதல் இடம் மருந்துக்கடை அம்மாவின் ஊருக்கு.

அந்த முறை பட்டியலக்காவும் வண்டியில் ஏறினாள். பட்டியலில் எழுதிய ஊர் ஒன்றுக்குக்கூட அவள் அதுவரை போனதில்லை.

ஊர்ப் பொதுக்கூடத்தின் முன்னால் மருந்துக்கடை அம்மா நின்றிருந்தாள். அந்தக் குரலுக்கு ஆறடி உயரத்தையாவது எதிர்பார்த்திருந்தாள் பட்டியலக்கா. இவள் அவள் தோளுக்குத்தான் வந்தாள்.

"வாங்க, வாங்க. அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்ட புண்ணியவதி யாரு, அதை முதல்ல சொல்லுங்க."

"நான்தாம்மா."

மருந்துக்கடை அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா? சரி, முதல்ல சாப்பிடுவோம். வெறும் வயித்துல திட்டினா எனக்குத் தலை சுத்தும்."

சாப்பிட்ட பிறகு சொன்னபடியே திட்டினாள். நிறுத்தி நிதானமாக, யார் யார் எத்தனை படி ஏற முடியாமல் எதை எதை இழந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லித் திட்டினாள். முடித்ததும், "தப்புப் பண்ணவங்க நேர்ல வந்து உக்காந்து நான் பாத்ததில்ல. அது ஒண்ணுக்காக மன்னிச்சேன்" என்று கைகழுவப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிவரை ஒரு ஆளும் வரவில்லை. கால்மாஸ்டர் மாவைக் கரைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரப்பர் கணக்கும் பொய்யாப் போச்சா?" என்றான்.

"பொய்யில்ல தம்பி" என்றாள் மருந்துக்கடை அம்மா. "பத்துப் பேரு ஒரே இடத்துல கூடினா மேலருந்து அடிக்கும்னு பயந்து பயந்து பழகிட்டோம். ரெண்டு வருஷமா ஒண்ணும் வரல. ஆனாலும் கழுத்து தானா மேல பாக்குது. நீங்க பெரிய துணியில எழுதி மாட்டி, எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டா எவன் வருவான்?"

பட்டியலக்கா உடனே பேப்பரை எடுத்தாள். மணிக்கு மூன்று பேர் என்று ஒரு பட்டியல் போட்டாள். ஒருவர் போன பிறகு ஒருவர், பின்வாசல் வழியாக. வண்டியைக் கூடத்தின் நிழலுக்குள் நகர்த்தச் சொன்னாள். மருந்துக்கடை அம்மா அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பதினொன்றரைக்கு முதல் ஊன்றுகோல் சத்தம் படியில் கேட்டது.

ஆறு நாளில் பத்தொன்பது பேர் வந்தார்கள். எப்படிக் கால் போனது என்று கால்மாஸ்டர் யாரையும் கேட்பதில்லை. அவனுக்கு அளவு போதும். பட்டியலக்கா மட்டும், சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள் என்று தேதியைக் கேட்டாள். மூன்று பேருக்குச் சாலை விபத்து. மற்ற பதினாறு பேர் சொன்ன தேதிகள் அந்த ஏழில் ஐந்து வரிகளோடு பொருந்தின. அந்தக் குழுவுக்கு எழுதி அனுப்பலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு பேர் சரியென்றார்கள்.

அவர்களில் ஒருத்தி தபால்காரம்மா. ஒரு காலத்தில் பை தூக்கிக்கொண்டு மலைமேல் கடைசி வீடுவரை ஏறியவள். இப்போது தபால் ஆபீஸில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறாள். முதல் நாள் அச்செடுக்கும்போது கால்மாஸ்டர், "கால் வந்ததும் முதல்ல எங்க போகணும்?" என்று கேட்டான். எல்லாரையும் அவன் கேட்கிற கேள்விதான் அது.

"எங்கயும் போக வேண்டாங்க" என்றாள் அவள். "மூணு வருஷமா என் ரெண்டு கையும் காலா இருந்துச்சு. ஒரு டம்ளர் தண்ணி மொண்டா அங்கயே நின்னு குடிச்சாகணும். வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அது ஒண்ணு போதும் எனக்கு."

இடுப்பு கொஞ்சம் மடங்கித்தான் இருந்தது. கால்மாஸ்டர் தினமும் அரை மணி நேரம் அவளைக் குப்புறப் படுக்கவைத்து நீட்டச் சொன்னான். வெட்டுப்பட்ட காலின் முனை உட்காரும் கிண்ணத்தை இரண்டு முறை கழற்றி இழைத்தான். ஐந்தாம் நாள் இருபுறமும் கம்பி வைத்த நடைபாதையில் அவளை நிறுத்தினான். முதலில் இரண்டு கையாலும் பிடித்து நடந்தாள். பிறகு ஒரு கை. மத்தியானம் சாப்பிடப் போய் வந்தவள் நேராக மூலையிலிருந்த குடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். கூடத்திலிருந்தவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். பட்டியலக்கா உட்கார்ந்திருந்த மேசைவரை பதினாலு அடி. பாதித் தண்ணீர் அவள் புடவையிலும் மீதியில் கொஞ்சம் தரையிலும் போயிற்று. டம்ளரை மேசைமேல் வைத்தபோது அடியில் ஒரு மிடறுதான் இருந்தது.

"குடிங்கக்கா" என்றாள் தபால்காரம்மா. மூச்சு வாங்கிற்று.

பட்டியலக்கா எடுத்துக் குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கத் தலையை அண்ணாந்து, அந்த ஒரு மிடறை ஒரு குடம் தண்ணீர் போல மெதுவாகக் குடித்தாள்.

ஊர் திரும்பியதும் பன்னிரண்டு பேரின் விவரத்தையும் குழுவுக்கு அனுப்பினாள். அவர்கள் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு ஆதாரம் கேட்டார்கள். மருந்துக்கடை அம்மா பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து ஏழு வரிகளில் மூன்றில் எண் ஏறியது. மற்ற நாலும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அந்த நாலையும் பற்றித் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, அடுத்த ஊருக்குக் கிளம்ப வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தபால்காரம்மா போன் செய்தாள். பட்டியலக்கா எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். கிண்ணத்துக்குள் போடும் காலுறை நாலு கொடுத்ததில் மூன்று தேய்ந்துவிட்டதாம், இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்றாள்.

கால்மாஸ்டர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். "ஒரு மாசத்துல எப்படிங்க மூணு தேயும்? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நடக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"காலைல ரெண்டு லெட்டர் கொடுக்கலாம்னுதான் கிளம்பினேன். தெரு நீளமா இருந்துச்சுங்க, அப்படியே போயிட்டேன்."

கால்மாஸ்டர் திட்டுவதற்கு வாயைத் திறந்தான். பிறகு பட்டியலக்காவைப் பார்த்து, "எழுதிக்கங்கக்கா, ஒரு டஜன் காலுறை" என்றான்.